யோசனை சொல்பவரின் பொறுப்பு

1988ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு பழைய கார் தொடர்பான வழக்கு விசாரிக்கப்பட்டது. அப்போதுதான் கார் ஓட்டக் கற்று உரிமம் வாங்கியிருந்த ஒரு பெண், தனக்கு ஏற்ற பழைய வண்டி ஒன்றைப் பார்த்துத் தரும்படி நண்பரைக் கேட்டிருந்தார். நண்பர் மெக்கானிக் அல்ல. ஆனால் கார்களைப் பற்றி அந்தப் பெண்ணைவிட நிறையத் தெரிந்தவர். விபத்தில் அடிபட்ட வண்டி வேண்டாம் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தார். நண்பர் ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரைக் கண்டுபிடித்தார். அதன் பானெட் நசுங்கி, பிறகு நிமிர்த்தப்பட்டதாகவோ மாற்றப்பட்டதாகவோ இருந்தது அவர் கண்ணில் பட்டது. அதைப் பற்றி விற்பவரிடம் அவர் விசாரிக்கவில்லை. நல்ல வண்டி, வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் 4,500 பவுண்டு கொடுத்து வாங்கினார். அது பெரிய விபத்தில் சிக்கிய வண்டி, சாலையில் ஓட்டவே தகுதியில்லாதது என்பது சில மாதங்களில் தெரியவந்தது.

நண்பர் இதற்காக ஒரு காசும் வாங்கவில்லை. நட்புக்காகச் செய்தார். ஆனாலும் நீதிமன்றம் அவர் இழப்பீடு தர வேண்டும் என்றே தீர்ப்பளித்தது. தெரிந்தவர் என்று நம்பி ஒருவர் கேட்டு, அந்த நம்பிக்கையில் பணத்தைப் போடுவார் என்று தெரிந்தே சொல்லும்போது, அதற்குரிய கவனத்தோடு சொல்ல வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அந்த அமர்வில் இருந்த நீதிபதி மே மட்டும் ஒரு தயக்கத்தைப் பதிவுசெய்தார். நண்பர்களுக்கிடையே இப்படிப்பட்ட சட்டக் கடமையைப் புகுத்தினால் சாதாரணப் பழக்கவழக்கமே ஆபத்தானதாகிவிடும் என்பது அவர் கவலை.

தீர்ப்பு, தயக்கம் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. யோசனை கேட்டு நிற்பவருக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. சொல்பவருக்கோ அது ஓய்வு நேரத்தில் செய்யும் உதவி. இந்த ஏற்றத்தாழ்வில் இருந்துதான் யோசனை சொல்வதன் சலிப்புகளும் ஆபத்துகளும் கிளம்புகின்றன. முன்பின் தெரியாதவர்கள் கைபேசியில் நாலு வரி எழுதி, நம் ஊரையும் பேரையும்கூட அறியாமல் உதவி கேட்கும் காலம் இது. அந்தப் பெண் தன் நண்பரிடம் கேட்டதைவிட அதிகமாக நாம் இன்று அந்நியர்களிடம் கேட்கிறோம், அந்நியர்களுக்குச் சொல்கிறோம். ஆகவே இந்தப் பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேட்பவர் சொல்லாத பாதி

ஒரு சின்ன உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். "போர் மோட்டார் ஓடல, என்ன செய்யலாம்?" என்று ஒருவர் கேட்கிறார். விவரம் தெரிந்த ஒருவர் உடனே, "கெபாசிட்டர் போயிருக்கும், மாத்திப் பாருங்க" என்கிறார். சிங்கிள் ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டார்களில் அடிக்கடி பழுதாவது கெபாசிட்டர்தான். எனவே பதில் அனுபவத்தில் இருந்து வந்தது, நியாயமானது.

ஆனால் "ஓடல" என்ற அந்தச் சொல்லுக்குள் எத்தனையோ நிலைமைகள் இருக்கலாம். ஸ்விட்சைப் போட்டால் பேனல் பெட்டியில் எந்த அசைவும் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் மின்சாரமே வரவில்லை, அல்லது ஓவர்லோடு விழுந்திருக்கிறது. போட்டதும் இழுத்துப் பிடித்துவிட்டு டிரிப் ஆகலாம். அப்படியானால் வோல்டேஜ் குறைவு, அல்லது கெபாசிட்டர் பலவீனம், அல்லது பம்பில் மணல் சிக்கியிருக்கிறது. மோட்டார் நன்றாகவே ஓடி, தொட்டிக்குத் தண்ணீர் வராமல் இருப்பதைத்தான் வீட்டுக்காரர் "ஓடல" என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் போரில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது, அல்லது குழாயில் ஓட்டை. மோட்டார் தரைக்குக் கீழே பல அடி ஆழத்தில் கிடக்கிறது. சத்தம் காதில் விழாது. அதன் நிலையைச் சொல்லும் சாட்சி பேனல் பெட்டியின் முகப்பில் இருக்கும் ஆம்ப் மீட்டர். அதனால்தான் நல்ல மெக்கானிக், பதில் சொல்வதற்கு முன், "ஆம்ப்ஸ் எவ்வளவு காட்டுது? வழக்கமா எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பார். முள் வழக்கத்தைவிட மிகவும் கீழே நின்றால் மோட்டார் தண்ணீரைத் தூக்கவில்லை. மிகவும் மேலே போனால் எங்கோ இறுகியிருக்கிறது, அல்லது வோல்டேஜ் போதவில்லை.

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும்? மணல் சிக்கிய மோட்டாருக்குப் புதுக் கெபாசிட்டர் மாட்டி, திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் காயில் எரிந்துபோகும். அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. மெயினை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். இது மெக்கானிக்குக் கை பழகிய விஷயம். அதை இறக்கிவிட்டுத்தான் தொடுவார். "மாத்திப் பாருங்க" என்று சொல்லும்போது அதையும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றாமல் போகலாம். ஏனென்றால் அவருக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய செய்தியாகவே படவில்லை.

அறிந்தவருக்கு, அறியாதவரின் நிலையைக் கற்பனை செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் எலிசபெத் நியூட்டன் 1990இல் ஓர் எளிய சோதனையால் காட்டினார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கேட்டவர்கள் கண்டுபிடித்தது 3. தட்டுபவரின் மனதுக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு வந்து சேர்வது வெறும் தட்டல். தெளிவாகத்தானே சொன்னோம், ஏன் புரியவில்லை என்று ஆலோசகர் எரிச்சல்படும் இடங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையின் மறுபதிப்புகள்.

இந்த இருட்டு இரண்டு பக்கமும் உண்டு. கேட்பவருக்கு எது முக்கியமான விவரம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் அவர் பாதி விடையை எட்டியிருப்பார். எனவே விவரம் இல்லாமல் கேட்கிறார் என்று அவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. எந்த விவரம் தேவை என்று கேட்டு வாங்குவது தெரிந்தவரின் வேலை.

கேட்டுவிட்டு ஏற்காமல் போவது

யோசனை சொல்பவர்களின் முதன்மையான மனக்குறை இது. நேரம் ஒதுக்கி யோசித்துச் சொல்கிறோம். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுத் தான் முன்பே நினைத்ததைச் செய்கிறார். பிறகு எதற்குக் கேட்டார்?

எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இலான் யானிவும் எலி க்ளைன்பெர்கரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. பங்கேற்றவர்களிடம் வரலாற்று நிகழ்வுகள் நடந்த ஆண்டை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு இன்னொருவரின் ஊகத்தைக் காட்டி, வேண்டுமானால் தங்கள் விடையைத் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். பெரும்பாலோர் திருத்தினார்கள், ஆனால் கொஞ்சம்தான் நகர்ந்தார்கள். இருவரின் ஊகத்துக்கும் சம மதிப்புக் கொடுத்திருந்தால் விடை உண்மைக்கு நெருங்கியிருக்கும் என்ற இடத்திலும் தங்கள் கருத்துக்கே கூடுதல் எடை தந்தார்கள். இதே துறையில் நடந்த வேறு பல ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே கண்டன.

ஆய்வாளர்கள் இதை ஆணவம் என்று சொல்லவில்லை. என் கருத்துக்கு என்ன காரணம் என்பது எனக்குத் தெரியும். உங்கள் கருத்துக்கு என்ன காரணம் என்பது உங்கள் மனதுக்குள் இருக்கிறது. எனக்கு வந்தது முடிவு மட்டும். காரணம் தெரிந்த கருத்துக்கு எடை கூடுவது இயல்பு. இதில் ஆலோசகர் கற்றுக்கொள்ள ஒரு பாடம் உண்டு. "இதைச் செய்" என்பதோடு நிறுத்தியவரின் சொல், "இன்ன காரணத்தால் இதைச் செய்" என்று சொன்னவரின் சொல்லைவிட எளிதில் உதிர்ந்துவிடும்.

ஏற்காமல் போவதில் இன்னொரு வகையும் இருக்கிறது. அது ஆளையே களைப்படையச் செய்யும். உளமருத்துவர் எரிக் பெர்ன் 1964இல் வெளியிட்ட 'கேம்ஸ் பீப்பிள் ப்ளே' நூலில் அதை விவரித்தார். ஒருவர் தன் பிரச்சினையைச் சபையில் வைக்கிறார். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஒரு வழி சொல்கிறார்கள். "சரிதான், ஆனால்..." என்று தொடங்கி ஒவ்வொரு வழியையும் அவர் தட்டிவிடுகிறார். கடைசியில் எல்லோரும் சொல்ல ஒன்றுமில்லாமல் வாயடைத்து நிற்கிறார்கள். அவர் தேடியது தீர்வு அல்ல, யாராலும் தீர்க்க முடியாத கஷ்டம் தன்னுடையது என்ற உறுதிப்பாடு என்கிறார் பெர்ன். கூட்டுக் குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. ஆனால் பெர்னின் இந்த விளக்கத்தை எடுத்த எடுப்பில் எல்லோர்மீதும் போடுவது தவறு. தட்டிவிடப்படும் யோசனைகளில் பல, கேட்டவர் ஏற்கெனவே முயன்று தோற்றவையாக இருக்கும். "இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள்?" என்ற ஒரே கேள்வி, பிடிவாதக்காரர் யார், களைத்துப்போனவர் யார் என்று பிரித்துக் காட்டிவிடும்.

உறுதியான குரலுக்குக் கிடைக்கும் மதிப்பு

சலிப்புகளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆபத்துகள் அப்படியல்ல. அவற்றில் முதலாவது, யார் சொல்வது எடுபடுகிறது என்பதில் இருக்கிறது.

பால் பிரைஸ், எரிக் ஸ்டோன் என்ற இரு உளவியலாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், பங்கு விலைகளைக் கணிக்கும் இரண்டு ஆலோசகர்களைப் பங்கேற்றவர்கள் முன் வைத்தார்கள். ஒருவர் தன் கணிப்பின் நிச்சயத்தை அளவாகச் சொன்னார். மற்றவர் மிகையான நிச்சயத்தோடு சொன்னார். பங்கேற்றவர்களில் பலர் மிகையாகச் சொன்னவரையே விரும்பினார்கள். அவருக்குத்தான் விஷயம் தெரியும் என்றும் நினைத்தார்கள். தடுமாறாத குரலை அறிவின் அடையாளமாக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. இதனால் நேர்மையான ஆலோசகருக்கு ஒரு தண்டனை கிடைக்கிறது. "நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது" என்பவர் ஒதுக்கப்படுகிறார். "நான் சொல்றேன், கண்ணை மூடிட்டுச் செய்யுங்க" என்பவர் கொண்டாடப்படுகிறார். மருந்து, முதலீடு, வழக்கு ஆகிய மூன்றிலும் இந்த விருப்பம் நம் குடும்பங்களை எவ்வளவு சீரழித்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

இரண்டாவது ஆபத்து, மற்றவருக்காக யோசிக்கும்போது நம் தராசே மாறிவிடுவது. லாரா கிரே, ரிச்சர்ட் கொன்சாலெஸ் இருவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. தனக்கென்று முடிவெடுக்கும்போது மனிதர் பல அம்சங்களையும் சீர்தூக்குகிறார். பிறருக்கு யோசனை சொல்லும்போது எது தலையாயதோ அந்த ஒன்றுக்கே அதிக எடை கொடுக்கிறார். மனநிறைவு இல்லாத வேலையை விட்டுவிடு என்று நண்பருக்குச் சொல்வது எளிது. வீட்டு வாடகை, தங்கையின் கல்யாணம், அப்பாவின் சர்க்கரை மாத்திரைச் செலவு எல்லாம் சேர்ந்த கணக்கு சொல்பவர் கையில் இல்லை. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் கேட்டவர்தான். பலனை அனுபவிப்பவரும் அவர்தான்.

சட்டம் வகுத்த எல்லைகள்

சொல்லால் விளைந்த நஷ்டத்துக்குச் சொன்னவரைப் பொறுப்பாக்குவதில் ஆங்கிலேயச் சட்டம் நெடுநாள் தயங்கியது. 1963இல் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த 'ஹெட்லி பைர்ன் எதிர் ஹெல்லர்' வழக்கு அந்தத் தயக்கத்தை உடைத்தது. ஒரு விளம்பர நிறுவனம், தன் வாடிக்கையாளர் பணம் கட்டக்கூடியவர்தானா என்று தன் வங்கி வழியாக அவருடைய வங்கியாளரிடம் விசாரித்தது. நல்லவிதமாகவே பதில் வந்தது. அதை நம்பிக் கடனுக்கு வேலை செய்த விளம்பர நிறுவனம், வாடிக்கையாளர் நொடித்துப்போனதும் 17,000 பவுண்டுக்கு மேல் இழந்தது. ஒப்பந்தமோ கட்டணமோ இல்லாத இடத்திலும், தன் திறமையை நம்பி ஒருவர் நடப்பார் என்று தெரிந்து சொல்பவருக்குக் கவனக் கடமை உண்டு என்ற கொள்கையை அவை வகுத்தது. ஆனால் அந்த வழக்கில் வங்கி தப்பித்தது. தன் பதிலில் 'எங்கள் பொறுப்பின்றி' என்று முன்கூட்டியே குறித்திருந்ததே காரணம். விருந்திலோ பேச்சுவாக்கிலோ உதிரும் கருத்தையும், நிதானமாகக் கேட்கப்பட்டுச் சொல்லப்படும் கருத்தையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்று நீதிபதி ரீட் பிரித்துக் காட்டியதும் இந்தத் தீர்ப்பில்தான்.

இந்தியாவில் நிலைமை சிதறிக் கிடக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமின்றிச் செய்யும் சேவையைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. அதே ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரை உரிமையியல், குற்றவியல் நடவடிக்கைகளில் இருந்து காக்கிறது. சாலையில் ஓடிப்போய்த் தூக்கும் கைக்கு வந்த அந்தப் பாதுகாப்பு, தொலைவில் இருந்து யோசனை சொல்லும் வாய்க்கு வரவில்லை.

மருத்துவத்தில் மட்டும் தெளிவான ஒரு வழிகாட்டல் கிடைத்தது. ஊரடங்கு அறிவிக்கப்பட்ட நாட்களில், 2020 மார்ச் 25 அன்று, தொலைமருத்துவ நெறிமுறைகள் வெளியாயின. மருத்துவரும் நோயாளியும் பெயர் மறைத்துக்கொண்டு பேசக் கூடாது. எந்த மருந்தை எந்த முறையில் பேசிய பிறகு எழுதலாம் என்று பட்டியல்கள் உண்டு. போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளைத் தொலைவில் இருந்து எழுதவே கூடாது. போதிய விவரம் கிடைக்கவில்லை என்று தோன்றினால் எந்தக் கட்டத்திலும் நிறுத்திவிட்டு நேரில் வரச்சொல்லும் உரிமை மருத்துவருக்கு உண்டு. படித்துப் பட்டம் பெற்று, பதிவு எண்ணும் வைத்திருப்பவருக்கே இத்தனை நிபந்தனைகள் என்றால், காய்ச்சலுக்கு மாத்திரைப் பெயர் எழுதி அனுப்பும் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு நிதானம் காட்ட வேண்டும்!

முதலில் செவிகொடுத்த அமைப்புகள்

யோசனை சொல்லும் ஆசையைக் கட்டுக்குள் வைத்தே மகத்தான உதவி செய்த அமைப்புகளும் உண்டு. லண்டனின் செயின்ட் ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் போதகராக இருந்த சாட் வாரா, தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவர்கள் தொலைபேசியில் அழைக்கலாம் என்று 1953 நவம்பரில் ஒரு சேவையைத் தொடங்கினார். ஆலோசனை சொல்வது அவர் வேலையாக இருந்தது. அவரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து உட்காரவைக்கத் தன்னார்வலர்கள் சிலர் வந்தார்கள். காத்திருந்தவர்கள் அந்தத் தன்னார்வலர்களிடமே மனம்விட்டுப் பேசினார்கள். பேசி முடித்ததும், போதகரைப் பார்க்க வேண்டியதில்லை என்று பலர் எழுந்து போனார்கள். வாரா அதைக் கவனித்தார். 1954 பிப்ரவரியில் அழைப்புகளை ஏற்கும் பொறுப்பைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி உருவெடுத்தது. தீர்ப்புச் சொல்லாமல், வழி திணிக்காமல் செவிகொடுப்பது அதன் அடிப்படை. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பும் இந்த வழியில் வந்ததே. தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அங்கே ஒரு காது கிடைத்திருக்கிறது.

குடிப்பழக்கத்தில் இருந்து மீள முயல்பவர்களோடு பணியாற்றிய உளவியலாளர் வில்லியம் மில்லரும் 1983இல் இதே திசையில் எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை ஒரு முழு முறையாக வளர்த்தார். ஒருவர் தவறான பாதையில் போவதைக் கண்டதும் உடனே திருத்திவிடத் துடிக்கும் நம் மனவேகம், அவரைத் தன் பழைய நிலையைத் தற்காத்துப் பேசவே தூண்டும் என்று அவர்கள் எச்சரித்தார்கள். அவர்கள் சொன்ன மாற்று எளிமையானது. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லட்டுமா என்று அனுமதி கேளுங்கள். சொன்ன பிறகு, இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று மறுபடியும் கேளுங்கள். சொல்லும் வாய்ப்பு ஒருமுறை. கேட்கும் கடமை மூன்றுமுறை.

தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டால்

இவ்வளவு தொல்லையும் ஆபத்தும் இருக்கும்போது, எதற்கு வம்பு என்று ஒதுங்கிவிடலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. விவரம் தெரிந்தவர்கள் ஒதுங்கும் இடத்தை அரைகுறைகள் பிடித்துக்கொள்வார்கள். அவர்களுக்குத் தயக்கம் கிடையாது. ஆகவே அவர்கள் குரல்தான் உறுதியாக ஒலிக்கும். பணம் கொடுத்து வக்கீலையோ மருத்துவரையோ பார்க்க முடியாத ஏழைக்கு, தெரிந்த ஒருவரின் இலவச யோசனைதான் பல நேரங்களில் முதல் கதவு. உதவித்தொகை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று ஒருவர் சொல்லித்தந்ததால் படித்து முன்னேறிய முதல் தலைமுறைப் பட்டதாரிகள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சொல்பவருக்கும் இதில் பலன் உண்டு. லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்ளரும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 1,982 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வை 2019இல் வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு பகுதியினரை, தங்களைவிட இளையவர்களுக்குப் படிப்பு பற்றிச் சில நிமிடங்கள் யோசனை எழுதச் சொன்னார்கள். யோசனை சொன்ன மாணவர்களின் மதிப்பெண்களே பிறகு உயர்ந்தன. பிறருக்கு வழி சொல்பவர் தன் அறிவைத் தானே எடுத்து அடுக்கிப் பார்க்கிறார். தன்மேல் நம்பிக்கையும் கூடுகிறது.

ஆகவே சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதற்கு மேலே பார்த்தவற்றில் இருந்தே வழி கிடைக்கிறது. பதிலுக்கு முன் கேள்வி. முடிவோடு காரணம். தெரிந்ததற்கும் ஊகத்துக்கும் நடுவே தெளிவான கோடு. தவறினால் எவ்வளவு இழப்பு என்ற கணக்கு: சட்டை நிறத்துக்குச் சொல்லும் யோசனையும் மாத்திரை அளவுக்குச் சொல்லும் யோசனையும் ஒரே வேகத்தில் வாயில் இருந்து வரக் கூடாது. உயிர், உடல், சொத்து ஆகியவற்றைத் தொடும் இடத்தில், எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும், என்ன காகிதங்களை எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லித்தருவதே பெரும்பாலும் நாம் தரக்கூடிய ஆகச் சிறந்த உதவி. ஏற்பதா விடுவதா என்ற முடிவு கேட்டவருடையது. அதை மனதார ஒப்புக்கொண்டால் சொல்பவரின் சலிப்பில் பாதி தீர்ந்துபோகும்.

கேட்பவர்களுக்கும் கடமை உண்டு. முயன்று பார்த்ததைச் சொல்லிக் கேட்பதும், முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பிவந்து சொல்வதும் அதில் அடங்கும். இரண்டாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தன் யோசனை பலித்ததா, கெடுத்ததா என்று ஒருபோதும் தெரிய வராத ஆலோசகர், தன் தவறையே அனுபவமாக எண்ணி அடுத்தவருக்கும் அதையே சொல்வார். கார் வாங்கித் தந்த அந்த நண்பருக்குத் தன் கவனக்குறைவு நீதிமன்றத்தில்தான் தெரிந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு அதுகூடத் தெரியாமலே போகிறது. உதவி பெற்றவர் ஒரு வரி எழுதித் தெரிவித்தால், சொன்னவரின் அறிவு திருந்தும். அடுத்து வந்து கேட்பவருக்கு இன்னும் நல்ல யோசனை கிடைக்கும்.